இப்னு சீனாவின் பெயரால்

மருத்துவம் பற்றி நம் சமுதாயத்தாரிடையே உலவும் சிறு நூல்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதற்பகுதி பழம்பெருமை. பக்தாதின் மருத்துவமனைகளும், அர்ராஸியின் பெருந்தொகுப்பான ‘அல்ஹாவீ’யும், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக் கணக்காகப் பாடநூலாயிருந்த இப்னு சீனாவின் ‘அல்கானூ’னும் அங்கே அணிவகுக்கும். இரண்டாம் பகுதி வசை. ஆங்கில மருத்துவம் நஞ்சு, மருந்துக் கம்பெனிகள் கொள்ளைக்கூட்டம், ஆய்வுக்கூடம் என்பது மாயை என்று பக்கங்கள் ஓடும். மூன்றாம் பகுதி மருந்துப் பட்டியல். நீரிழிவிலிருந்து புற்றுநோய் வரைக்கும் அங்கே தீராத நோய் என்று ஒன்று இல்லை.

இலக்கிய இதழொன்றில் இத்தகைய நூல்களைத் திறனாய்வு செய்யத்தான் வேண்டுமா என அன்பர்கள் கேட்கலாம். சொல் எவ்வாறு நம்ப வைக்கிறது என்பதை ஆராய்வது திறனாய்வாளனின் கடமையே. மேற்சொன்ன வாய்பாட்டில் முதற்பகுதி உண்மை. இரண்டாம் பகுதி பாதி உண்மை. அவ்விரண்டும் ஊட்டிய நம்பிக்கையின் தோளில் ஏறி, சான்று ஏதுமின்றி மூன்றாம் பகுதி உள்ளே நுழைந்துவிடுகிறது. அந்த நுழைவையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

இதில் எனக்குச் சொந்த வலியும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமன் நல்ல வாசகர். மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து எங்களுக்கு வரலாறு சொல்லி வளர்த்தவர். இப்னு சீனாவின் பெயரை நான் முதன்முதலில் கேட்டதே அவர் வாயால்தான். நீரிழிவுக்காக நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த அவர், இப்படியொரு நூலைப் படித்துவிட்டு அதை நிறுத்தினார். அதிற்கண்ட சூரணத்தை ஐந்து மாதம் உட்கொண்டார். காலிற்பட்ட சிறு புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “இப்னு சீனா சொன்னதாகத்தானே மருமகனே, போட்டிருந்தது?”

அக்கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இக்கட்டுரை அதற்கான விடை.

இப்னு சீனா மறைந்தது 1037இல். இன்சுலின் கண்டறியப்பட்டதோ 1921இல், கனடாவின் டொரண்டோ நகரில். தாம் அறியாத மருந்தைக் கைவிடுமாறு அப்பெருமகன் எவ்வாறு சொல்லியிருக்க முடியும்? அவர் சொல்லாததை அவர் பெயரால் அச்சிட்டது முதற்பிழை. அவர் சொன்னதை மறைத்தது அதனினும் பெரிய பிழை.

‘அல்கானூ’னின் இரண்டாம் பாகம் தனி மருந்துகளைப் பற்றியது. ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்தறிவது எவ்வாறு என்பதற்கு அங்கே அவர் நெறிகளை வகுக்கிறார். மருந்தில் அதன் இயல்புக்குப் புறம்பான சூடோ குளிர்ச்சியோ கலந்திருக்கலாகாது. பல நோய்கள் பின்னிக் கிடக்கும் உடலில் சோதிக்காமல், ஒற்றை நோயில் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரு நோய்களில் அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது எனக் கவனிக்க வேண்டும். விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ நிகழ வேண்டும். இல்லையேல் அது தற்செயல் எனக் கொள்ளவேண்டும். சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும். விலங்கில் விளைந்தது மனிதனில் விளையும் என்பதற்கு உறுதியில்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட இந்நெறிகளை வைத்து நம் சிறு நூல்களின் மூன்றாம் பகுதியை அளந்து பாருங்கள். எத்தனை மருந்து தேறும்?

அர்ராஸியின் நிலையும் இதுவே. ரய்யில் பிறந்து பக்தாதில் புகழ்பெற்ற அவர், மருத்துவ உலகு தலைமேல் வைத்துப் போற்றிய ஜாலீனூஸின் கருத்துகளை மறுத்து ‘அஷ்ஷுகூக் அலா ஜாலீனூஸ்’ என்றொரு நூல் செய்தார். தமக்கு அறிவூட்டிய ஆசானை மறுப்பது தமக்கு வருத்தமே எனினும், மருத்துவம் கண்மூடி ஏற்பதற்கு இடந்தராத கலை என்பது அவர் கொள்கை. நம் நாட்டு ஹைதராபாத்தில் 1955 முதல் பல பாகங்களாக அச்சேறிய அவரது ‘அல்ஹாவீ’யில் வியப்புக்குரிய குறிப்பொன்று உண்டு. மூளையுறை அழற்சியின் அறிகுறிகள் தோன்றிய நோயாளரில் ஒரு சாராருக்கு இரத்தம் வாங்கினார். மறு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டார். இருசாராரையும் ஒப்பிட்டு, இரத்தம் வாங்குவது நல்லது என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த முடிவை இன்று எந்த மருத்துவரும் ஏற்பதில்லை. ஆனால் மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் அருகருகே வைத்து ஒப்பிடும் அந்த வழியே, பின்னாளில் செம்மையுற்று, இன்றைய மருத்துவ ஆய்வின் முதுகெலும்பாக நிற்கிறது. அர்ராஸியின் வாரிசு என்று சொல்லிக்கொள்வோர் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும்? உதிர்ந்த முடிவையா, நிலைத்த முறையையா?

1242இல் இப்னு நஃபீஸ் இன்னும் ஓரடி முன்சென்றார். இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரின் துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என ஜாலீனூஸ் கூறியிருந்தார். அச்சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே செல்கிறது என இப்னு நஃபீஸ் எழுதினார். அதை எழுதியது எந்நூலில் தெரியுமா? இப்னு சீனாவின் ‘அல்கானூ’னுக்குத் தாம் செய்த விரிவுரையில்! முன்னோரை மதிப்பதும் முன்னோரைத் திருத்துவதும் அவர்களுக்கு முரண்பட்ட செயல்களாகத் தோன்றவில்லை.

‘ஆயிரமாண்டு அனுபவம் பொய்க்குமா?’ என்பது அடுத்த வாதம். இரத்தம் வாங்குதலுக்கும் ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருந்தது. கிரேக்கரும் அரபியரும் ஐரோப்பியரும் அதைக் கைக்கொண்டனர். ஆயினும் பல நோய்களில் அது தீங்கே செய்தது. அனுபவம் ஏன் ஏமாற்றுகிறது? நோய்கள் பல தாமே தணிவன. தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் காமாலை வகை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் எம்மருந்துமின்றி நீங்கிவிடும். அவ்வாரங்களில் எந்தத் தழையை அரைத்துக் கொடுத்தாலும் அத்தழைக்குப் புகழ் வந்து சேரும். குணமடைந்தவர் ஊரெங்கும் சொல்வார். மாண்டவர் வந்து சாட்சி சொல்வதில்லை. இந்த மயக்கத்தை அறுப்பதற்காகவே ஒப்பீடு தேவைப்படுகிறது.

இனி, சமய உணர்வைத் தொட்டு எழுப்பப்படும் வாதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்ட மருந்துகளைச் சோதிக்கக் கேட்பது ஈமானுக்கு இழுக்கு என்பர் சிலர். பதினான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன் இதைத் தம் ‘முகத்திமா’வில் எடுத்துப் பேசுகிறார். அக்குறிப்புகள் அரபு மக்களின் வழக்கத்திலிருந்த மருத்துவத்தைச் சார்ந்தவை, வஹியின் பகுதியல்ல, நபியவர்கள் அனுப்பப்பெற்றது மார்க்கத்தைக் கற்பிக்கவே என்பது அவர் கருத்து. நம்பிக்கையோடு பரக்கத்தை நாடி அவற்றைக் கைக்கொள்வதை அவர் தடுக்கவும் இல்லை. இக்கருத்தை ஏற்காதோர் இருக்கலாம். எனினும் இந்த ஐயத்தை மேலைநாட்டார் நம்மீது ஏவிய அம்பு என்று சொல்ல இடமில்லை. அது நம் வீட்டுக்குள்ளேயே பேசப்பட்டது.

இரண்டாம் பகுதியாகிய வசைக்கு வருவோம். அதை முற்றிலும் பொய் என ஒதுக்க நமக்கு மனமில்லை. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மாத்திரை, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள், கை கால் குறைந்த குழந்தைகளாகப் பல்லாயிரவர் பிறக்கக் காரணமாயிற்று. கம்பெனிகளின் பேராசையும், நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பாராமல் மருந்துச் சீட்டெழுதும் மருத்துவரின் அவசரமும் நாம் அறிந்தவையே. நாடி பிடித்து, உணவும் உறக்கமும் விசாரித்து, அரைநாழிகை ஆறுதலாகப் பேசும் ஹகீமிடம் மக்கள் செல்வதில் வியப்பில்லை.

ஆனால் அதே தாலிடோமைடை அமெரிக்க நாட்டில் விற்க அனுமதி கேட்டபோது, கெல்சி என்னும் அரசு மருத்துவ அம்மையார், ‘சான்று போதாது’ என்று மறுத்துவிட்டார். சான்று கேட்டதனால் அந்நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் தப்பின. கம்பெனியின் பேராசைக்குக் கடிவாளம் சான்றே. அக்கடிவாளத்தை அடுத்தவர் குதிரைக்கு மட்டும் பூட்டச் சொல்வது என்ன நியாயம்? மூலிகைக்குப் பக்கவிளைவில்லை என்பதும் அத்தகைய பேச்சே. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகைக் கலவை உண்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றது. ஒரு மூலிகைக்கு மாறாக நச்சு மூலிகையொன்று கலந்துவிட்டதே காரணம். அண்டை வீட்டுக் கூரை ஒழுகுவதால் நம் வீட்டுக் கூரை ஓட்டையின்றி இருப்பதாகிவிடாது.

இவ்வழக்கில் நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. தில்லி ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) யூனானி மருத்துவத்தின் அரண். அவர் நிறுவிய திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்தார். மேலை மருத்துவத்தைக் கடுமையாகச் சாடிய அதே காந்தியடிகள், அவ்விழாவில் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி வேட்கையைப் போற்றி, அவ்வேட்கை நம் வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் இல்லையே என வருந்தினார். அஜ்மல் கான் அதைக் கேட்டுச் சினக்கும் மனிதரல்லர். ஜெர்மனியில் வேதியியல் பயின்ற இளைஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கியிடம் தம் கல்லூரியின் ஆராய்ச்சிப் பணியை ஒப்படைத்தார்.

அங்கே ஆய்வுக்கு வந்தது சர்ப்பகந்தி வேர். பித்துப் பிடித்தோர்க்கு நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தது. 1931இல் அதினின்று ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்த சித்தீக்கி, மறைந்துவிட்ட ஹகீமின் நினைவாக அதற்கு ‘அஜ்மலீன்’ எனப் பெயரிட்டார். இதயத்துடிப்பின் கோளாறொன்றைக் கண்டறிய இன்றும் மருத்துவர் பயன்படுத்தும் மருந்து அது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேரை இரத்த அழுத்தமுடைய 50 நோயாளரிடம் சோதித்து, விளைவைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் ஸ்விட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. சிலருக்கு அது மனச்சோர்வை விளைவிப்பதாகப் பின்னர் ஐயம் எழுந்தபோது, அதுவும் ஒளிவுமறைவின்றிப் பதிவாயிற்று. நாட்டு மருந்து என்பதற்காக அவ்வேர் ஏற்கப்படவுமில்லை, தள்ளப்படவுமில்லை. ‘காட்டு வேர்’ என இகழ்ந்த ஆங்கில மருத்துவரும், ‘சோதனை எதற்கு’ என்ற வைத்தியரும் மட்டுமே இருந்திருந்தால், அஜ்மலீன் வேருக்குள்ளேயே கிடந்திருக்கும்.

எனவே நம் எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. ஒரு மருந்தைப் புகழ்ந்து எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? கொடுக்கப்படாதோர் நிலை என்னவாயிற்று? கெடுதி அடைந்தோரைக் கணக்கிட்டார்களா? விடை இல்லையெனில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுச் சட்டம் தடுத்துவிட்டது. விளம்பரம் என்ற பெயரில் செய்யக்கூடாததைக் கட்டுரை என்ற பெயரில் செய்வது இதழியல் அறமாகாது.

மாமா இன்றும் திண்ணையில்தான் அமர்கிறார். ஊன்றுகோல் அருகில் சாய்ந்திருக்கும். இன்சுலினை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறார். சென்ற மாதம் இப்னு சீனாவின் சோதனை நெறிகளை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டவர், சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இதை ஏன் அந்தப் புத்தகத்தில் போடவில்லை?” என்றார்.