சுருட்டையும் இருளர் கையும்

சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பொட்டலில் கல்லைப் புரட்டுகிறவர்களுக்குச் சுருட்டை விரியனைத் தெரியும். பெரும்பாலும் ஒரு முழத்துக்குள்தான் இருக்கும். சீண்டினால் உடலை வளைவளைவாக மடித்து, ரம்பப் பல் போன்ற செதில்களை ஒன்றோடொன்று உரசும். சரசரவென்று எழும் அந்த ஓசை வாயிலிருந்து வருவதில்லை, தோலிலிருந்து வருகிறது. கடிக்குமுன் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடும் பாம்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதையும் மீறிக் கடிபட்டவருக்கு ஏற்றும் முறிமருந்துக்கு நஞ்சு தருகிற முக்கியமான இடம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டு வாழ்வு முடங்கிய இருளர் பழங்குடியினர், பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கும் அங்கே மண்பானைகளில் குடியிருக்கும்.

பார்க்கவேண்டியது அந்த இருளர் கைகளைத்தான். தலைக்குப் பின்னால் பிடித்த விரல் நசுக்காது, நழுவவும் விடாது. கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்க, நஞ்சு சொட்டாக இறங்கும். வாரம் ஒருமுறையாக நான்கு முறை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளத்தோடு மறுபடி சிக்கினால் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

பாம்பு பிடிக்கும் கலைக்காகவே இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

பாம்பு ஒரே இனமானாலும் ஊருக்கு ஊர் அதன் நஞ்சின் கூறு மாறும். அதனால் நம் கரிசல் சுருட்டையின் நஞ்சும் வடநெம்மேலிக் குடுவையில் இறங்கவேண்டும் என்பது என் ஆசை.