நரையிலிருந்து வந்த மகிமை

டச்சு மொழியில் மகிமைக்கு 'ஹேர்லெக்ஹெய்ட்' என்று ஒரு சொல் உண்டு. 1637இல் அச்சான அவர்களுடைய பைபிளில் கடவுளின் மகிமை இதுதான். ஆனால் வழக்குத் தீர்க்க உரிமையுள்ள ஒரு பிரபுவின் ஆளுகைப் பகுதிக்கும் இதே பெயர். இன்றைக்கோ 'ஹேர்லெக்' என்றால் பெரும்பாலும் சாப்பாடு பிரமாதம் என்று அர்த்தம். ஒரே வேரியபிளை யாரோ மூணு டைப்பில் டிக்ளேர் பண்ணி வைத்த மாதிரி இருக்கிறது.

'ஹேர்' என்றால் பிரபு. அதனால் மகிமை என்பதே அதிகாரம்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். வேர் வேறு கதை சொல்கிறது. பழைய ஜெர்மானியச் சொல்லுக்கு நரைத்தது என்று பொருள். நரைத்தவர், ஆகவே மதிக்கத்தக்கவர். 'இன்னும் மூத்தவர்' என்ற ஒப்பீட்டு வடிவம் தேய்ந்துதான் பிரபு ஆனார். எபிரேயத்தில் மகிமை என்பது எடை. நமக்கு 'இசை', அதாவது ஒலி. வள்ளுவர் புகழ் அதிகாரத்தில் அப்படித்தான் ஆள்கிறார். வடமொழி வழி வந்த 'மகிமை' பெரிதாதல், அட்டமா சித்திகளில் ஒன்று.

காரைக்காலுக்குத் தெற்கே, பக்கத்திலேயே நாகப்பட்டினம். 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் அங்கே இருந்தார்கள். தமிழுக்கு அவர்கள் விட்டுப்போனது துட்டும் கக்கூசும். மகிமையை எடுத்துக்கொண்டே போய்விட்டார்கள்!

ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஆள் காரைக்காலில்தான் இருந்தார். மாங்கனித் திருவிழா சமயத்தில் 'அம்மையாரின் மகிமை' என்று சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கையில் வந்த மாம்பழம். எனக்கு இது போதவில்லை. மாம்பழம் சாப்பிட்ட கணவன் மிரண்டு கப்பலேறிப் போனான். அற்புதம் அவருக்குத் தந்தது அவ்வளவுதான். கவிதையில் அவர் தன்னைப் பெரிதாக்கிக்கொள்வதே இல்லை. சுடுகாட்டில் வற்றிப்போன பேயின் உடலைக் கூசாமல் விவரித்துவிட்டு, தன்னையும் காரைக்கால் பேய் என்றே கையெழுத்திடுகிறார். அழகைக் கழற்றி வைத்த ஒருத்தியின் மொழி அது. எடையும் இல்லை, பெரிதாதலும் இல்லை. நரை இருக்கிறது. தேவாரத்துக்கு முந்தியது என்பதால் அவருடைய ஆலங்காட்டுப் பதிகங்களுக்கு மரபு வைத்த பெயரும் 'மூத்த திருப்பதிகம்'தான்.

சேக்கிழார் கதையில் அவர் தலையால் நடந்து கயிலை ஏறுகிறார். இந்த எலும்புருவம் யார் என்று உமை கேட்கிறாள். தாய் தந்தை இல்லாத சிவன், வந்துகொண்டிருக்கும் அந்தப் பேயைப் பார்த்து 'அம்மை' என்று கூப்பிடுகிறான்.