லோ கியர் மேட்டுக்கு மட்டும்தானா?

போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 அமெரிக்கப் பண்ணைகளிலும் காட்டுத் தடங்களிலும் அதிகம் தென்படும் ஏடிவிகளில், அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டிகளில், ஒன்று. 567 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், 44 குதிரைத்திறன், பெல்ட்டில் இயங்கும் தானியங்கி கியர். கிளட்ச் பிடிக்க வேண்டாம், ஒன்று இரண்டு மூன்று என்று மாற்ற வேண்டாம். முன்னே போக இரண்டே நிலைகள்: ஹை, லோ. ஓட்டுபவர் கையில் விடப்பட்டிருக்கும் ஒரே கியர் முடிவு இதுதான். அதையும் பலர் எடுப்பதில்லை. லோவைத் தீயணைப்பு வாளி மாதிரி நடத்துகிறார்கள். இருப்பது தெரியும், செங்குத்து மேடோ முட்டளவு சேறோ வந்தால்தான் தொடுவார்கள். மற்றபடி எப்போதும் ஹை. இந்தப் பழக்கம் தவறான கேள்வியிலிருந்து பிறக்கிறது என்பது என் கருத்து. பாதை எவ்வளவு கடினம் என்று பார்ப்பதை விட, வண்டி எவ்வளவு மெதுவாகப் போகப்போகிறது என்று பார்த்தே கியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சமதளப் புல்வெளியில் வேலியைப் பார்த்தபடி மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊர்ந்து போவதற்கும் லோதான் சரி.

காரணம் பெல்ட்டில் இருக்கிறது. நம்மூர் ஸ்கூட்டரிலும் இதே வகைப் பெல்ட் உண்டு, ஆனால் அங்கே பின்சக்கரத்தின் பக்கம் தனியாக ஒரு கிளட்ச் இருக்கிறது. வண்டி நகரத் தொடங்கும்போது வழுக்கிப் பிடிப்பது அதன் வேலை. ஸ்போர்ட்ஸ்மேனில் அந்தத் தனிக் கிளட்ச் இல்லை, பெல்ட்டே கிளட்ச். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது முன்புல்லியின் இரு தட்டுகளும் விலகி நிற்க, பெல்ட் அவற்றுக்கிடையே தளர்வாகக் கிடக்கும். வேகம் கூடக்கூட உள்ளிருக்கும் எடைகள் வெளிப்புறம் தள்ளப்பட்டு, தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டை இறுக்கும். முழுதாகக் கவ்வும் வரை பெல்ட் வழுக்கத்தான் செய்யும். வழுக்கும் ஒவ்வொரு நொடியும் வெப்பம். நகரத் தொடங்கும் சில நொடிகள் அப்படி இருப்பதில் குற்றமில்லை. மெதுவான வேகத்தில் ஹையிலேயே ஓட்டினால் அந்தச் சில நொடிகள் அரை மணி நேரமாக நீள்கின்றன.

ஹை, லோ பற்சக்கரங்கள் இருப்பது பெல்ட்டுக்கு அப்புறம், கியர் பெட்டிக்குள். இந்த வரிசையை மனதில் வைத்தால் மீதி தானாக விளங்கும். லோவின் விகிதம் ஹையைப் போல இரு மடங்கு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வண்டிக்கு வண்டி இது மாறும். அப்போது தரையில் அதே வேகத்துக்கு லோவில் பெல்ட் இரு மடங்கு வேகமாகச் சுற்றும், சக்கரத்துக்கு அதே இழுவிசை தர அது தாங்க வேண்டிய முறுக்குவிசையோ பாதியாகும். மணிக்கு ஆறு கிலோமீட்டரில் ஹையில் போகும்போது, பெல்ட் வழுக்காமல் பிடித்திருந்தால் இன்ஜின் எந்த வேகத்தில் சுற்ற வேண்டுமோ, அது புல்லி கவ்வும் வேகத்துக்கும் கீழே இருக்கும். ஆகவே பெல்ட் வழுக்கியே தீரும். ஓட்டுபவரின் பெருவிரல் எவ்வளவு பக்குவமாக த்ராட்டிலை அழுத்தினாலும் இதைத் தவிர்க்க முடியாது. போலாரிஸின் கையேடுகளே மணிக்கு 7 மைலுக்கு, அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்கு, கீழே போகும்போதும் பாரம் இழுக்கும்போதும் லோவைப் பயன்படுத்தச் சொல்கின்றன. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டால் லோ வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நான்கு சக்கர இயக்கம் இருக்கும் விசையைப் பங்கிடுமே தவிர, பெருக்காது. பெரிய டயர் மாட்டியவர்களுக்கு இன்னும் ஒரு சங்கடம்: சக்கரம் பெரிதானால் கியர் உயர்ந்த மாதிரிதான், லோ தேவைப்படும் வேக எல்லையும் அதோடு மேலே போகும்.

லோவில் இன்ஜின் கத்துகிறதே, தேய்ந்துவிடாதா என்பது முதல் ஆட்சேபம். சத்தம் உண்மை. ஆனால் அதிகமாகச் சுற்றுவது வேறு, அதிகப் பாரம் சுமப்பது வேறு. இந்த இன்ஜின்கள் வேகமாகச் சுற்றுவதற்கென்றே கட்டப்பட்டவை. மெதுவான வேகத்தில் லோ தரும் சுழற்சி அவற்றின் எல்லைக்கு வெகு கீழே. லோவில் எரிபொருள் அதிகம் செலவாகும் என்ற கணக்கு அரைவாசி சரி. திறந்த தடத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டரில் போகிறவர் லோவிலேயே இருந்தால் பெட்ரோலும் வீண், காதுக்கும் கேடு. அங்கே ஹைதான் என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: ஆழமான சேற்றிலும் மணல்மேட்டிலும் லோ போட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும், ஹையில் வேகத்தோடு போனால் கடந்துவிடலாம். மணலில் இதை நானும் ஏற்கிறேன். ஓடிவந்த வேகம் குறையாமல் மேட்டைக் கடக்கும் வரை ஹை சரியே. என் விதியும் அதையேதான் சொல்கிறது, அங்கே வேகம் அதிகம். பாதி மேட்டில் வேகம் செத்து வண்டி நடைவேகத்துக்கு வந்த பிறகும் ஹையிலேயே த்ராட்டிலை அமுக்குவதுதான் பெல்ட்டைக் கருக்கும். சக்கரம் சிக்கி நிற்க, புல்லி மட்டும் சுற்றினால் பெல்ட்டின் ஒரே இடம் எரிந்து குழியும். அப்புறம் சமதளத்திலும் வண்டி தடதடக்கும்.

எல்லா ஏடிவியும் இப்படிக் கட்டப்படவில்லையே என்று கேட்கலாம். யமஹா கிரிஸ்லியின் அல்ட்ராமேட்டிக் அமைப்பில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வழுக்கும் வேலையை எண்ணெயில் மூழ்கிய தனிக் கிளட்ச் பார்த்துக்கொள்கிறது. ஹோண்டா ரூபிகானின் இரட்டைக் கிளட்ச் வகையில் பெல்ட்டே இல்லை, முழுக்கப் பற்சக்கரம். ஆயினும் அதிலும் ஹோண்டா தனியாக ஒரு லோ நிலையைச் சேர்த்தது. கருகப் பெல்ட் இல்லாத வண்டிக்கும் லோ வேண்டியிருப்பதன் காரணம் பாரமும் இறக்கமும். இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் சக்தி லோவில் கூடுதல். பெல்ட்டே கிளட்சாக இருக்கும் வண்டியில், வேகம் குறைந்து புல்லி விலகிவிட்டால் இன்ஜின் பிடி விட்டுப்போய் வண்டி சும்மா உருளும். லோவில் அந்த விலகல் இன்னும் குறைந்த வேகத்தில்தான் நேரும். ஆகவே இறக்கத்துக்கு மேலேயே லோவுக்கு மாறிவிடுவது நல்லது, நடுச்சரிவில் மாற்ற வழியில்லை.

பெல்ட் பலவீனமாக இருக்க, பழியை மட்டும் ஓட்டுபவர் மீது போடுகிறார்கள் என்ற குறையில் நியாயம் இருக்கிறது. வண்டியின் திரையில் வேகமும் இன்ஜின் சுழற்சியும் எந்தக் கியர் என்பதும் தெரிகின்றன. மூன்றும் கையிலிருக்க, மெதுவாக ஹையில் நெடுநேரம் போனால் ஒரு விளக்கை எரியவிடுவது பெரிய பொறியியல் அல்ல. அது வரும் வரை மூக்குதான் மானி: ரப்பர் கருகும் வாடை வந்தால் த்ராட்டிலை விட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுக் காற்றால் பெல்ட் பெட்டியை ஆறவைக்கலாம். கியர் மாற்றுவதும் ஒழுங்காக நடக்க வேண்டும். வண்டி முழுதும் நின்று, பிரேக் பிடித்து, இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிய பிறகே லிவரைத் தொட வேண்டும். ஓடும்போது இழுத்தால் உள்ளே பற்கள் மோதித் தெறிக்கும். லிவர் நுழைய மறுத்தால் பலவந்தம் வேண்டாம், வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் போதும், பற்கள் பொருந்திக்கொள்ளும்.