டேங் நானோ 9கே: வித்தையெல்லாம் எச்டிஎம்ஐ துளையில்

எஃப்பிஜிஏ பலகை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, லுக்அப் டேபிள் எத்தனை என்பதைத்தான். ஷென்ஜென் நகரத்து சிபீட் நிறுவனத்தின் டேங் நானோ 9கே-யில் 8,640 இருக்கின்றன. பழைய வீடியோ கேம் ஒன்றையோ சின்ன ரிஸ்க்-5 செயலியையோ உள்ளே எழுத அது தாராளம். என் கண் போனது வேறு இடத்துக்கு. ஏறக்குறைய 15 டாலர் விலையில் வந்த இந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு எச்டிஎம்ஐ துளை உண்டு. அதற்கும் எஃப்பிஜிஏவுக்கும் இடையில் வேறு சிப் எதுவும் கிடையாது. 720பி படம் காட்ட, தரவு போகும் மூன்று ஜோடிக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 74.25 கோடி பிட் போக வேண்டும். இவ்வளவு மலிவான சிப் அதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன்.

இந்த வேகத்தில் ஒற்றைக் கம்பியை 0-வுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையில் ஆட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு தாவலுக்கும் கிரவுண்டே ஆடும், பக்கத்துக் கம்பிகளில் இரைச்சல் ஏறும். அதனால்தான் டிஃபரென்ஷியல் முறை: ஒரு கம்பி ஏறும்போது அதன் ஜோடி இறங்கும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால், இரண்டிலும் சேர்ந்து ஏறிய இரைச்சல் கழிந்துபோகும். வித்தியாசம் மட்டுமே முக்கியம் என்பதால் ஆட்டத்தின் அளவையும் குறைத்துக்கொள்ளலாம். எல்விடிஎஸ் முறையில் 3.5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 100 ஓம் மின்தடை வழியே போய் வெறும் 350 மில்லிவோல்ட்டைத் தருகிறது. அவ்வளவே போதும்.

எச்டிஎம்ஐ பேசும் டிஎம்டிஎஸ் அப்படியே எல்விடிஎஸ் அல்ல. டிவியின் பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் 50 ஓம் மூலம் 3.3 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கும். அனுப்பும் சிப்பின் வேலை 10 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கீழே இழுப்பது மட்டும். 9கே-யில் இருக்கும் கோவின் நிறுவனத்து எஃப்பிஜிஏ சிப்புக்கென்று பலரும் எழுதும் எச்டிஎம்ஐ நிரல்கள் இதைக்கூட நேரடியாகச் செய்வதில்லை. இரண்டு சாதாரண அவுட்புட் பின்களை எடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, ஜோடி போல ஒப்பேற்றுகின்றன. தரம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் படம் வருகிறது.

உண்மையான திறமை பின்னுக்கு ஒட்டினாற்போல் உள்ள சீரியலைசரில் இருக்கிறது. உள் லாஜிக்கை 742 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட இந்தச் சிப்பால் ஆகாது, ஓட்டத் தேவையும் இல்லை. ஓசெர்10 என்ற கட்டமைப்பு பத்து பிட்டுகளை மெதுவாக மொத்தமாய் வாங்கி, வேகமாக ஒவ்வொன்றாய் வெளியே தள்ளுகிறது. பலகையின் 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 55-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 371.25. கிளாக்கின் ஏறும் முனை, இறங்கும் முனை இரண்டிலும் பிட் போவதால் 742.5 மெகாபிட். அதே கிளாக்கை ஐந்தால் வகுத்தால் 74.25, அதாவது 720பி-க்கான பிக்சல் கிளாக். மிச்சமில்லாமல் கணக்கு நேர் ஆகிறது. ஆர்ட்டிக்ஸ்-7 என்ற விலை கூடிய எஃப்பிஜிஏவில் இதே பத்துக்கு ஒன்று வேலைக்கு இரண்டு சீரியலைசர்களைச் சங்கிலி போட வேண்டும். இங்கே ஒன்று போதும். விலை குறைந்த சிப் விலை கூடியதை முந்தும் அபூர்வ இடம் இது.

முதலில் வண்ணப் பட்டைகளை ஓட்டினேன். 720பி-யில் டிவி தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டது. பிறகு வேண்டுமென்றே ஒரு குறும்பு: சிவப்புக்கான பத்து பிட்டுகளையும் நிரலிலேயே தலைகீழாக்கினேன். ஜோடியின் இரு கம்பிகளை மாற்றிச் சொருகியதற்கு இது சமம். படம் போகவில்லை, சிவப்பு மட்டும் நெகட்டிவ் ஆனது. காரணம் சுவாரசியமானது. டிஎம்டிஎஸ் குறியீட்டில் ஒன்பதாம் எண் பிட், தரவு தலைகீழாக்கப்பட்டதா என்று சொல்கிறது. எல்லாம் கவிழ்ந்தபோது அதுவும் கவிழ்ந்ததால் தரவு தானே நேரானது. ஆனால் எக்ஸார், எக்ஸ்நார் இரண்டில் எது என்று சொல்லும் எட்டாம் எண் பிட்டைத் திருத்த ஆளில்லை. அதனால் கடைசி பிட் தவிர மற்ற ஏழும் புரண்டுவிட்டன. சொந்தமாகப் பலகை வரைபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு ஜோடி மாறிப்போனாலும் பலகையைத் தூக்கிப் போட வேண்டாம், நிரலிலேயே சரிசெய்யலாம். திரை இன்னொரு உதவியும் செய்கிறது. நீலம் முதல் ஜோடி, பச்சை இரண்டாவது, சிவப்பு மூன்றாவது. எந்த நிறத்தில் புள்ளிகள் மின்னுகின்றனவோ அந்த ஜோடியில் கோளாறு.

பலகை வடிவமைப்பில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. எச்டிஎம்ஐ போகும் 68 முதல் 75 வரையிலான பின்கள் ஓரத்து ஹெடருக்கும் கிளை பிரிகின்றன. எல்சிடி இணைப்பியும் அதே பின்களைப் பங்குபோடுகிறது. ஒரு பிட்டின் ஆயுள் 1.35 நானோவிநாடி. பலகையின் செம்புப் பாதையில் சிக்னல் நானோவிநாடிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஓடும் என்பதால், ஒரு பிட் 20 சென்டிமீட்டர் நீளம் பிடிக்கும். ஓரிரு சென்டிமீட்டர் கிளையிலிருந்து வரும் எதிரொலியை 720பி தாங்கிக்கொள்கிறது. அந்த ஹெடர் பின்னில் ஒரு நீள ஜம்பர் கம்பியைச் சொருகினால் கதையே வேறு. எச்டிஎம்ஐ ஓடும்போது அந்த எட்டுப் பின்களையும் தொடாதீர்கள். எல்சிடியும் எச்டிஎம்ஐயும் ஒரே நேரத்தில் கிடையாது.

படம் வந்துவிட்டது என்பதாலேயே சிக்னல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குட்டைக் கேபிளில் பளிச்சென்று வந்த படம், என்னிடமிருந்த நீளமான மலிவுக் கேபிளில் பொட்டுப்பொட்டாய் மின்னியது. இதை 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்காட்டியில் பார்க்க நினைப்பது வீண். அடிப்படை அலையே 371 மெகாஹெர்ட்ஸ், சிக்னலின் தரத்தைக் காட்டும் கண் வரைபடம் பார்க்க கிகாஹெர்ட்ஸ் கணக்கில் பட்டை அகலம் வேண்டும். வீட்டு மேசைக்கு நீளக் கேபிளே சோதனைக் கருவி. 60 பிரேம் 1080பி-க்கு விநாடிக்கு 148.5 கோடி பிட் தேவை. இந்தச் சிப்பிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

சில்லறை விஷயங்கள்: பலகையின் ஒரு பேங்க், அதாவது ஒரு பின் தொகுதி, 1.8 வோல்ட்டில் ஓடுகிறது. பொத்தான்களும் ஹெடரின் சில பின்களும் அதில்தான், 3.3 வோல்ட் சென்சாரை அங்கே கட்டாதீர்கள். கோவின் மென்பொருளின் கல்விப் பதிப்பு இலவசம். திறந்தமூல வழியை விரும்புபவர்களுக்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர், அபிகுலா என்ற கருவிகள் இருக்கின்றன.

டிஃபரென்ஷியல் சிக்னலைக் கையால் தொட்டுக் கற்க விரும்பும் மாணவருக்கு இந்த விலையில் இதைத் தயங்காமல் சொல்வேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் போன்றவை இலக்கு என்றால் இது வேண்டாம். அதற்கான கிகாபிட் டிரான்ஸ்சீவர் இந்தச் சிப்பிலேயே இல்லை, 6.6 கிகாபிட் வரை போகும் ஆர்ட்டிக்ஸ்-7 பக்கம் பாருங்கள். வாங்குபவர்கள் நேராக 720பி-யில் குதிக்க வேண்டாம். 27-ஐ 14-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்து 126 மெகாஹெர்ட்ஸ் எடுத்து, முதலில் 640-க்கு 480 படத்தை வரவழையுங்கள். அது நிலையாக நின்ற பிறகு மேலே ஏறுங்கள்.