மாற்றம் யாருக்காக?

புதுமையைக் குறை கூறுவோரைப் பழைமைவாதிகள் என ஒதுக்கிவிடும் வழக்கம் முற்போக்கு எண்ணம் படைத்தோரிடையே உண்டு. மாற்றமே உலகின் இயல்பு. அதனை எதிர்ப்போர் வரலாற்றின் குறுக்கே நிற்போர் என்பது அவர்தம் வாதம். பொதுப்படக் கூறுமிடத்து இது சரியே. ஆயின், மாற்றம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே கைதட்டி வரவேற்பது சிந்தனைச் சோம்பலாகும். எதனை மாற்றுகின்றனர், யார் மாற்றுகின்றனர், யாருடைய தேவைக்காக மாற்றுகின்றனர் என்ற வினாக்களை எழுப்பிய பின்னரே அதனை வரவேற்பதா கண்டிப்பதா என நாம் முடிவு செய்தல் கூடும்.

இன்று இரு துறைகள் இவ்வினாக்களை எம்முன் வைக்கின்றன. கணினிகளின் பணிசெயல் முறைமைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கோலம் பூணுவது ஒன்று. விஞ்ஞான நாவல்கள் தொலைக்காட்சித் தொடர்களாக உருமாறுவது மற்றொன்று. முன்னையது கருவி, பின்னையது கலை. இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இவற்றுக்குப் பொதுவான தன்மை ஒன்றுண்டு. மக்கள் தமது உழைப்பினாலும் ஈடுபாட்டினாலும் ஆண்டுக்கணக்கில் தமதாக்கிக்கொண்ட ஒன்றை, சட்டப்படி உரிமை பெற்ற நிறுவனம் தன் எண்ணப்படி மாற்றியமைக்கின்றது. முறையிடுவோருக்கு இரு துறைகளிலும் கிடைக்கும் மறுமொழியும் ஒன்றே: நீங்கள் பழக்கத்தின் அடிமைகள் என்பதாம்.

பழக்கம் என்பது யாது? கந்தோரிலே பணிபுரியும் எழுதுவினைஞர் ஒருவர் கணினியில் ஒரு கோப்பினைத் திறக்கும்போது, அவருடைய கை கண்ணை எதிர்பாராமலே உரிய இடத்துக்குச் செல்கின்றது. தறியில் நெய்வோனின் விரலைப் போலவே அக்கையும் பயிற்சியினாற் பெற்ற தேர்ச்சியுடையது. அத்தேர்ச்சி, சேர்த்துவைக்கப்பட்ட உழைப்பாகும். பொத்தான்களின் இடத்தைக் காரணமின்றி மாற்றுவோர் அவ்வுழைப்பின் ஒரு பகுதியைப் பறிமுதல் செய்கின்றனர். அதற்கு அவர் ஈடு எதுவும் கொடுப்பதில்லை.

1995 ஓகஸ்ட் மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 'விண்டோஸ் 95' என்னும் முறைமையை வெளியிட்டது. திரையின் இடப்புறக் கீழ் மூலையில் 'ஸ்டார்ட்' என்ற பொத்தான் முதன்முதலாக அமைந்தது அதிலேதான். 17 ஆண்டுகளாக உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கணினியைக் கற்றுக்கொண்டது அம்மூலையிலிருந்தே. 2012 ஒக்டோபர் 26 ஆம் திகதி வெளிவந்த 'விண்டோஸ் 8' அப்பொத்தானை அகற்றியது. அதன் பட்டியலுக்குப் பதிலாகத் திரை முழுவதையும் வண்ணக் கட்டங்கள் நிரப்பின. கணினியை நிறுத்தும் வழியைக்கூடப் பலர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நிறுவனம் காட்டிய நியாயம் கவனிக்கத்தக்கது. முன்னைய முறைமையைப் பயன்படுத்தியோரின் செயல்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அப்பட்டியலின் பயன்பாடு குறைந்து வந்தமை தெரிந்தது என்று அது கூறிற்று. எண்ணிக்கை பொய்யாயிராது. ஆனால், ஒரு வாயிலை அடிக்கடி பயன்படுத்தாமையால் அவ்வாயில் வேண்டாம் என்று பொருளாகுமா? வீட்டின் பின்கதவைத் தினமும் திறவாதோர் பலர். அதனைச் சுவர் வைத்து அடைக்க எவரும் உடன்படார். மெய்யான காரணம் வேறிடத்திலிருந்தது. 2010 இல் அப்பிள் நிறுவனத்தின் 'ஐபாட்' சந்தைக்கு வந்து, விரலால் தொட்டு இயக்கும் தட்டைக் கணினிகளுக்குப் பெருங்கிராக்கியை ஏற்படுத்தியிருந்தது. அச்சந்தையிலே தானும் பங்கு பெற விழைந்த மைக்ரோசொப்ட், தட்டைக் கணினிக்கு ஏற்ற முகத்தை மேசைக் கணினிக்கும் பூட்டிற்று. தொடுதிரையே இல்லாத இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவர், தமக்கு எவ்வகையிலும் தொடர்பற்ற வணிகப் போட்டியொன்றுக்காக மீண்டும் அரிச்சுவடி படிக்கலாயினர். எதிர்ப்பு வலுத்தது. 2013 இல் வந்த 8.1 பதிப்பிற் பொத்தான் திரும்பியது. 2015 யூலையில் வந்த 'விண்டோஸ் 10' பட்டியலையும் திருப்பித் தந்தது.

இதிலிருந்து பாடம் கற்றனரா? 2021 ஒக்டோபரில் 'விண்டோஸ் 11' வெளிவந்தபோது, திரையின் அடியிலுள்ள பணிப்பட்டையை மேலேயோ பக்கங்களிலோ நகர்த்திக்கொள்ளும் வசதி அதிலே இருக்கவில்லை. அவ்வசதி 1995 முதல் இருந்து வந்ததாகும். அதனினும் பாரிய விளைவு வேறு. நல்ல நிலையில் இயங்கிய கணினிகள் பல, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இன்மையாலும் பழைய செயலியைக் கொண்டிருந்தமையாலும் புதிய முறைமைக்குத் தகுதியற்றவை எனத் தள்ளப்பட்டன. 2025 ஒக்டோபர் 14 இல் 'விண்டோஸ் 10' க்கான வழமையான ஆதரவும் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு முக்கியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அதன் விலையை யார் செலுத்துகின்றனர்? புதிய இயந்திரம் வாங்க வசதியற்றவரே செலுத்துகின்றனர்.

அப்பிள் நிறுவனத்தின் போக்கும் வேறன்று. 2025 செப்டெம்பரில் அது தன் கருவிகள் அனைத்துக்கும் 'லிக்விட் கிளாஸ்' என்னும் கண்ணாடித் தோற்றத்தை அளித்தது. பொத்தான்களும் அறிவித்தல்களும் ஒளி ஊடுருவும் பளிங்குபோல் மாறின. பின்னணியோடு எழுத்துகள் கலந்துபோக, வாசிப்பது சிரமமாயிற்று எனப் பலர் முறையிட்டனர். சில வாரங்களின் பின்னர் வந்த திருத்தத்திலே அவ்வூடுருவலைக் குறைத்துக்கொள்ளும் தெரிவு சேர்க்கப்பட்டது. எழுத்து இருப்பது வாசிப்பதற்கு என்பதை முறையீட்டின் பின்னரே உணர்வது நல்ல வடிவமைப்பின் இலக்கணமாகாது.

இங்கே மாறான உதாரணம் ஒன்றையும் காட்டுதல் வேண்டும். 'லினக்ஸ்' முறைமைகளிற் பெருவழக்கிலிருந்த 'க்னோம்' என்னும் திரைச்சூழல் 2011 ஏப்ரலில் தன் மூன்றாம் பதிப்பில் முற்றாக மாறியது. அங்கும் கண்டனம் எழுந்தது. ஆனால் அதன் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய பொதுச் சொத்து. ஆதலால் பழைய அமைப்பை விரும்பியோர் அதனை எடுத்து, 'மாட்டே' என்ற பெயரில் தாமே தொடர்ந்து பேணினர். மாற்றத்தை விரும்பியோர் மாறினர். வேண்டாதோர் தம் வழியிற் சென்றனர். உடைமை பொதுவாக இருக்கும்போது மாற்றம் கட்டாயமாவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கருவியிலிருந்து கலைக்கு வருவோம். கதையை மாற்றுவதே குற்றம் என்ற கட்சி எமக்கில்லை. வான்மீகியின் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணனோ அவளைத் தீண்டாது பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கின்றான். கம்பன் தன் காலத்துத் தமிழரின் பண்பாட்டு உணர்வுக்கு இசையவே அவ்வாறு மாற்றினான். காப்பியத்தின் உயிர் அதனாற் சிதையவில்லை. எனவே, மூலத்தின் உயிர்நாடி யாது, மாற்றம் அதற்கு வலுச் சேர்க்கின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

ஐசாக் அசிமோவின் 'பவுண்டேஷன்' கதைகளை எடுத்துக்கொள்வோம். 1940 களில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த இக்கதைகள், 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாக வெளிவந்தன. உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய கிப்பனின் வரலாற்று நூல் அசிமோவுக்குத் தூண்டுதலாயிருந்தது. பால்வீதி முழுவதையும் ஆளும் பேரரசு சரியப்போகின்றது என ஹாரி செல்டன் என்னும் கணித அறிஞர் கண்டறிகின்றார். 30,000 ஆண்டுகள் நீடிக்கவுள்ள இருண்ட காலத்தை 1,000 ஆண்டுகளாகச் சுருக்க அவர் திட்டமிடுகின்றார். வரலாற்றை நடத்துவன சமூக சக்திகளே. பெருந்தொகையான மக்களின் போக்கைக் கணிக்கலாம், தனியொருவனுடையதைக் கணிக்க முடியாது என்பதே இக்கதைகளின் அச்சாணி. டெர்மினஸ் என்னும் கோளின் நகரபிதாவான சல்வர் ஹார்டின், பகையரசுகளை ஒன்றுக்கொன்று எதிர்நிறுத்தி, ஆயுதம் ஏந்தாமலே தன் நகரைக் காக்கின்றான். அவனிடம் அற்புத ஆற்றல் எதுவுமில்லை. சூழ்நிலையின் தர்க்கத்தை அவன் பிறர்க்கு முன்னர் விளங்கிக்கொள்கின்றான், அவ்வளவே.

2021 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் தன் தொலைக்காட்சிச் சேவையில் இதனைத் தொடராக வெளியிடத் தொடங்கிற்று. அதிலே ஹார்டின் ஒரு பெண்; கால் டோர்னிக் என்னும் பாத்திரமும் பெண். இதற்காகக் கூக்குரலிட்டோருடன் நாம் சேரமாட்டோம். அசிமோவின் முதல் நூலிலே பெண்கள் ஏறக்குறைய இல்லை எனலாம். அக்குறையை நீக்கியது முறையே. எமது குறை வேறு. தொடரின் ஹார்டின் ஆயுதம் தாங்கிய காவற்காரியாகின்றாள். பிறரால் அணுகமுடியாத பெட்டகத்தை அணுகும் பிறவி ஆற்றல் அவளுக்குண்டு. வருவதை முன்னுணரும் சக்தி டோர்னிக்குக்கு உண்டு. இருவரும் தாயும் மகளும் எனவும் பின்னர் தெரியவருகின்றது. சமூக சக்திகளின் கதை, இவ்வாறு இரத்தத்தில் ஊறிய வரம் பெற்றோரின் கதையாகிவிட்டது. அசிமோவின் நூல்களிலும் மனித மனங்களை ஆட்டிவைக்கும் விந்தை மனிதன் ஒருவன் வருகின்றான். ஆனால் அவன் விதியைக் குலைக்கும் விலக்காகவே வருகின்றான். தொடரிலோ விலக்கே விதியாகின்றது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? நூல்களில் ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள், சிலவேளை தலைமுறைகள், கழிகின்றன, மாந்தர் மறைந்துபோகின்றனர். சந்தா செலுத்தும் பார்வையாளரை ஆண்டுதோறும் இருத்திவைக்க விரும்பும் நிறுவனத்துக்கு இது ஒவ்வாது. அதற்குப் பழகிய முகங்கள் வேண்டும். எனவே செல்டன் இறந்த பின்னரும் இயந்திரப் பிரதியாக உலவுகின்றார். டோர்னிக் உறைநிலைத் துயிலில் நூற்றாண்டைக் கடக்கின்றாள். அற்புதங்கள் வியாபாரத்தின் தேவையிலிருந்து பிறக்கின்றன.

அதேவேளை, தொடரின் சிறப்பொன்றையும் மறைத்தலாகாது. ஒரே மன்னனின் படிவங்கள் இளைஞன், நடுவயதினன், முதியவன் என மூவராக மாறிமாறி அரியணையேறும் பேரரசு, நூல்களில் இல்லாத புதுக்கற்பனை. தன்னையே திரும்பத் திரும்பப் படியெடுக்கும் அதிகாரம் எவ்வாறு உளுத்துப்போகின்றது என்பதை அது கண்முன் நிறுத்துகின்றது. மூலத்தின் கருத்திலிருந்தே முளைத்த மாற்றம் ஆதலால் அது வெற்றி பெற்றது.

இவ்வகை மாற்றத்துக்கு முழுமையான உதாரணம் 'எக்ஸ்பான்ஸ்' என்னும் தொடர். டானியல் ஏப்ரகாம், டை பிராங்க் ஆகிய இருவர் ஜேம்ஸ் கோரி என்னும் புனைபெயரில் எழுதிய நாவல்களைத் தழுவி, 2015 முதல் 2022 வரை ஆறு பருவங்களாக அது வெளிவந்தது. நீருக்கும் காற்றுக்கும் கையேந்தி நிற்கும் விண்கல் வலயத் தொழிலாளரே அதன் உயிர்நாடி. இரண்டாம் நாவலில் வரும் அவசரலா என்னும் அரசியல்வாதியைத் தொடர் முதலிலேயே கொண்டுவந்தது. நாவல்களின் பாத்திரங்கள் சிலரின் பங்கினை டிரம்மர் என்னும் ஒருத்தியிடம் சேர்த்தது. நாவலில் அங்கங்கே சிதறிக்கிடந்த வலயத்தார் பேச்சை ஒரு மொழியியலாளரைக் கொண்டு தனிமொழியாகவே வளர்த்தது. மாற்றங்கள் பல, ஆயினும் வாசகர் அந்நியப்படவில்லை. எழுத்தாளர் இருவரும் தொடரின் எழுத்துப் பணியில் நேரடியாகப் பங்குகொண்டமை இதற்கு முக்கிய காரணம். மாற்றிய கை, படைத்த கையுடன் சேர்ந்தே உழைத்தது. 2018 இல் முதல் நிறுவனம் தொடரைக் கைவிட்டபோது, இரசிகர் திரண்டு குரல் எழுப்பினர்; அமேசன் அதனை ஏற்று நடத்த முன்வந்தது.

இறுதியாக, அசிமோவின் கற்பனையிலேயே உள்ள ஒரு குறையை நோக்குவோம். செல்டனின் திட்டம் பலிக்கவேண்டுமாயின் மக்கள் அதனை அறியாதிருத்தல் வேண்டும். அறிந்தோர் சிலர் கணக்கிடுவர்; அறியாதோர் பலர் அக்கணக்கின்படி நடப்பர். பொத்தான் எத்தனை தடவை அழுத்தப்பட்டது என எண்ணி, அழுத்தியவனைக் கேளாமலே அதனை அகற்றிய வடிவமைப்பாளரும் ஒரு சிறு செல்டன்தான். மக்களை எண்ணிக்கையாக மட்டும் காண்போர் கருவியையும் கெடுப்பர், கலையையும் கெடுப்பர்.

எனவே எமது கோரிக்கை எளியது. பழையதைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை பயன்படுத்துவோரிடம் இருத்தல் வேண்டும். மாற்றத்திற்கான காரணம், மாறும் பொருளின் உள்ளிருந்தே எழுதல் வேண்டும். அதனைத் தீர்மானிக்கும் இடத்தில், அதனோடு வாழ்பவருக்கும் ஓர் ஆசனம் வேண்டும். இவற்றைக் கேட்பவன் பழைமைவாதி அல்லன். தன் உழைப்பின் மதிப்பை அறிந்தவன்.