சில்வண்டும் நத்தையும்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பஸ்ஸில் இன்னமும் அந்தக் கிரிக்கெட்டைத்தான் ஆடுகிறேன். 2017 சாம்பியன்ஸ் டிராபிக்காகக் கூகுள் செய்த பொடி விளையாட்டு. மட்டை பிடிப்பவை சில்வண்டுகள். ஆங்கிலத்தில் அதற்கும் கிரிக்கெட் என்றே பெயர். பந்தைத் துரத்துபவை நத்தைகள். நமக்கு வேலை ஒன்றே ஒன்று: பந்து வரும்போது கட்டைவிரலால் ஒரு தட்டு. இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் ஸ்டம்பு போச்சு. வாகாகப் பட்டால், கண்ணுக்கு முன்னே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. மந்தமான இணையத்திலும் ஓட வேண்டுமென்று, பால்மரப் பட்டையை மெல்லிசாகச் சீவுகிற கைபோல, அத்தனை சிக்கனமாகச் செய்திருக்கிறார்கள். அந்தியில் ரப்பர் மரங்களுக்குள் சில்வண்டு இரைவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஆக, ஆடுவது இரண்டுமே எங்கள் ஊர் டீம். அந்த நத்தைகள்தான், பாவம், என்ன அவசரமாக ஊர்கின்றன!