மறதியைக் கண்டறியும் மெய்நிகர் கருவி: வீட்டுக்கு வரலாமா?

அல்சைமர் நோய் மூளையில் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று என்டோரைனல் புறணி. எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்பினோம், புறப்பட்ட இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும் பகுதி அது. அங்கே இந்தக் கணக்குக்கு உதவும் கட்டச் செல்களைக் கண்டறிந்த மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவருக்கும், ஜான் ஓகீஃபுக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. கேம்பிரிட்ஜில் டென்னிஸ் சான் குழுவினர் இந்த அறிவைச் சோதனையாக மாற்றி 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். லேசான அறிவாற்றல் குறைபாடு கொண்ட 45 பேருக்கு மெய்நிகர் கருவியை மாட்டி, கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். தண்டுவட நீரில் அல்சைமரின் அடையாளம் இருந்தவர்களை வழக்கமான காகிதத் தேர்வுகளைவிட இந்த நடை தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஆகவே இதை வெறும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க முடியாது.

நம் ஊருக்கு இதன் பயன் இன்னும் கூடுதல். 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-இல் வந்த மோகா ஆகிய காகிதத் தேர்வுகள் படம் வரையவும் எழுதவும் சொல்பவை. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டு வாழ்ந்த ஒரு மூதாட்டி கனசதுரத்தைப் பார்த்து வரையத் தடுமாறினால், அது மறதியா, பள்ளிக்கூடம் போகாததா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டுக்கென்று உருவாக்கிய சோதனைத் தொகுப்பும் முதலில் ஐந்து மொழிகளில்தான் வந்தது. தமிழ் அவற்றில் இல்லை. பேருந்து பிடிப்பது, கடையில் சில்லறை கொடுப்பது போன்ற அன்றாட வேலைகளைக் கண்முன் நிறுத்தும் சோதனைக்குப் பேனா வேண்டாம். தமிழர்களும் வாழும் சிங்கப்பூரில் பலதுறை மருத்துவ நிலையத்தில் சோதிக்கப்பட்ட 'கேவையர்-2' அப்படிப்பட்டது: 13 காட்சிகள், சுமார் 10 நிமிடம்.

சிக்கல் எண்களில் தொடங்குகிறது. 55 முதல் 84 வயதுவரையிலான 280 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய 89 சதவீதத்தினரைக் கருவி பிடித்தது. நலமாக இருந்தவர்களில் 70 சதவீதத்தினரைத்தான் நலம் என்றது. ஒரு கணக்குக்காக, ஆயிரம் முதியவர்களில் நூறு பேருக்கு உண்மையிலேயே குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். கருவி 89 பேரைச் சரியாகச் சொல்லும். நலமாக உள்ள 270 பேரையும் சேர்த்துச் சொல்லும். எச்சரிக்கை பெறும் நால்வரில் மூவருக்கு அது பொய். 'துல்லியம்' என்று விற்பவர்கள் சொல்லும்போது எந்தத் துல்லியம் என்று கேட்டாக வேண்டும். மருத்துவ நிலையத்தில் இந்தப் பொய்யைச் சலித்தெடுக்க மருத்துவர் இருக்கிறார். வீட்டில் அந்த மதிப்பெண் போய்ச் சேர்வது மகனிடமும் மருமகளிடமும். பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலை நெடுக மனை விலை ஏறிக் கிடக்கும் பகுதியில், 'அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லை' என்று ஒரு கருவி சொன்னால், அந்த வாக்கியம் நோயைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடாது. சொத்துப் பத்திரம் வரை போகும்.

மதிப்பெண் எதை அளக்கிறது என்பதும் தெளிவில்லை. 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைபேசி விளையாட்டை உலகெங்கும் 40 லட்சம் பேர் ஆடினார்கள். அந்தத் தரவு காட்டியது: வழி கண்டுபிடிக்கும் திறனில் ஆண்-பெண் இடைவெளி, பாலின ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் பெரிதாக இருந்தது, வளர்ந்த ஊரின் தெரு அமைப்பும் திறனைப் பாதித்தது. தனியாக வெளியூர் போக விடப்படாத பெண்ணின் குறைந்த மதிப்பெண்ணில் நோயைவிட அவள் வாழ்ந்த வாழ்க்கை பதிந்திருக்கக்கூடும். இதோடு கண்புரை, கழுத்துவலி, தலைசுற்றல், கருவியை மாட்டிக்கொண்டு நடக்க இடமில்லாத இரண்டு அறை வீடு. ஒருவரை ஊராரோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரோடு அவரையே ஒப்பிட்டால் இந்தப் பிழைகளில் பல விலகும். கருவியின் உண்மையான பலம் அதில்தான். இரண்டாம் முறை பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும் என்பதையும் அப்போது கழிக்க வேண்டும்.

ஒன்றும் இல்லாததற்கு இது மேல் அல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. 'வயசானா மறதி வரத்தானே செய்யும்' என்று வீடுகள் அதைக் கடந்து போகின்றன. ஆனால் அறிகுறியே இல்லாத முதியவர்களைச் சலித்துப் பார்ப்பதன் நன்மை தீமையை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020-இல் சொன்னது. லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு எல்லாம் உண்டு. இவற்றைப் பார்க்க மெய்நிகர் உலகம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே வீட்டுவாசலுக்கு ஆள் வருகிறார். முதியவர் பழகிய தெருவில் தடுமாறுகிறாரா, மாத்திரையை இருமுறை போடுகிறாரா, பணம் எண்ணக் குழம்புகிறாரா என்று உடனிருப்பவரிடம் அந்த ஊழியரே கேட்கலாம். ஆம் என்று பதில் வந்தவர்களுக்கு மட்டும், மருத்துவர் முன்னிலையில், தமிழில் பேசும் காட்சிகளோடு இந்தக் கருவி வரட்டும்.

அதுவரை, பெற்றோருக்காக இந்தக் கருவியை வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு: முதலில் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், காதையும் கண்ணையும் காட்டுங்கள், மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மறதிநோய்போலத் தோன்றும் பல, இவற்றைக் கவனித்தாலே சரியாகக் கூடியவை.